திருநாவுக்கரசரும் சூலை நோயும்

மயிலாப்பூர்ப் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் திருநாள். அன்று பிற்பகல் கபாலீச்சரத்தின் நான்கு மாடவீதிகளிலும் எள் விழ இடமிராது. தண்ணீர்ப் பந்தல் வைத்தோர் வழிப்போவாரை வற்புறுத்தி அழைத்து மோர் வார்ப்பர். சாந்தோமில் வாழும் எம்போலும் கிறிஸ்தவ மாணவர்க்கும் அந்நாள் புதிதன்று. பஸ்களெல்லாம் வேறு தெரு வழியே திரும்பிச் செல்லுமாதலின், மறந்திருந்தாரையும் அது தானே நினைவூட்டிவிடும். அவ்வீதிகளிலே அடியார்தம் செப்புத் திருவுருவங்கள் பல்லக்குகளில் வரிசையாக உலாவரும்பொழுது, மழித்த தலையும் குவித்த கைகளுமாய், தோளிற் சார்த்திய உழவாரப் படையோடு ஒரு முதியவர் செல்வதைக் காணலாம். அரசர் என்று பெயர். கையிலிருப்பதோ புல் செதுக்கும் கருவி. அவரே திருநாவுக்கரசர்.

அவரைக் குறித்து எழுதப்பட்டவை மிகப் பல. சமயத்தொண்டு பற்றிப் புகழ்வாரும், பல்லவர் சரித்திரத்துக்கு அவர் பாடல்களைச் சான்றாக்குவாரும், தாண்டகத்தின் ஓசையில் ஈடுபட்டு உருகுவாரும் உளர். அவ்வழிகளிற் புகுதற்குரிய தகுதி இக்கட்டுரையாளனுக்கு இல்லை. எமது சிறப்புத் தமிழ் வகுப்பிற் பெரியபுராணம் படித்து வருங்கால், மனம் வேறொரு பொருளிலே சென்று தங்கியது. அது வலி. 12ஆம் நூற்றாண்டிலே குன்றத்தூர்ச் சேக்கிழார் நாவரசர் வரலாற்றை நானூறுக்கு மேற்பட்ட செய்யுட்களால் விரித்துரைக்கின்றார். அதனுள் நோவும் அச்சமும் ஒன்றையொன்று எவ்வாறு வளர்க்கின்றன, ஒன்று விலகுங்கால் மற்றது என்னாகின்றது என்பது ஒரு நூலிழைபோல் முதலிலிருந்து முடிவுவரை ஓடுகின்றது. அவ்விழையைப் பற்றிக்கொண்டு அப்பெரியார் வரலாற்றைக் கூறுதலே ஈண்டு எமது முயற்சி.

தென்பெண்ணையும் கெடிலமும் பாயும் திருமுனைப்பாடி நாட்டில், இற்றைப் பண்ணுருட்டியை அடுத்துத் திருவாமூர் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் வேளாளர் குலத்திற் குறுக்கைக் குடியிலே தோன்றிய புகழனாருக்கும் அவர் மனைவியார் மாதினியாருக்கும் முதலில் ஒரு பெண்மகவும், சில ஆண்டு கழித்து ஓர் ஆண்மகவும் பிறந்தன. பெண் திலகவதியார், பிள்ளை மருணீக்கியார். காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டென்பது பெரும்பாலார் கொள்கை.

திலகவதியாருக்குப் பன்னிரண்டு வயதாயிற்று. அரசனிடம் படைத்தலைவராயிருந்த கலிப்பகையார் என்பாருக்கு அவரை மணம் பேசி முடித்தனர். மணநாள் வருமுன்னரே வடபுலத்துப் பகைவர்மேற் செல்லும்படி அரசன் ஆணை பிறந்தது. மணமகனார் போர்மேற் சென்றார். அவர் சென்றிருந்த காலத்திற் புகழனார் நோயுற்று இறந்தார். கணவரைப் பிரிந்து வாழ மனமின்றி மாதினியாரும் உயிர் நீத்தார். சின்னாட்களிற் போர்க்களத்திலிருந்தும் செய்தி வந்தது; கலிப்பகையார் மீளவில்லை. தம்மை அவருக்கே உரியவராகக் கருதிய திலகவதியார் தாமும் இறக்கத் துணிந்தனர். சிறுவர் மருணீக்கியார் தமக்கையின் அடியில் விழுந்தரற்றி, தந்தையும் தாயும் போன பின்னர் அவரையே இருவருமாக எண்ணி உயிர் தாங்கியிருப்பதாகவும், அவரும் போவாராயின் அவர்க்கு முன்னே தாம் போவதாகவும் கூறினர். அத்தம்பிக்காகத் திலகவதியார் உயிரோடிருக்க இசைந்தார்.

இப்பகுதியைக் கதையின் தோற்றுவாய் என்று கருதி விரைந்து படித்துச் செல்லுதல் வழக்கம். யாமும் முதன்முறை அவ்வாறே செய்தோம். மீண்டும் படிக்கும்பொழுதுதான் அச்சிறுவன் அங்கே கற்றுக்கொண்டது யாதென்பது புலனாயிற்று. அன்பு செய்யப்பட்டவை சொல்லாமற் போய்விடும் என்பதை அவன் ஏட்டிற் கற்கவில்லை; மூன்று சாவுகளிலே கற்றான். சேக்கிழார் இதனை நிலையாமை உணர்தல் என்று சான்றோர்க்குரிய சொல்லாற் குறிப்பர். இளம் நெஞ்சினுக்கு அதன் பெயர் அச்சம் என்றே எமக்குத் தோன்றுகின்றது.

வளர்ந்த மருணீக்கியார் கையிலிருந்த செல்வத்தை வாரி வழங்கினார், அறச்சாலையும் தண்ணீர்ப் பந்தரும் அமைத்தார், சோலை வைத்தார், குளம் தொட்டார். மனம் அமைதியுறவில்லை. எச்சமயம் மெய்ச்சமயம் என்று தேடிச் சமணத்தைச் சார்ந்தார். அந்நாளிற் சமணர்க்குரிய பெருநிலையமாய் விளங்கியது பாடலிபுத்திரம். அஃதாவது கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூர். உலோகவிபாகம் என்னும் உலகியல் நூலைச் சர்வநந்தி என்னும் முனிவர் 458ஆம் ஆண்டில் முடித்த பாடலிகை இவ்வூரே என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. ஆகலின் மருணீக்கியார் சென்று சேர்ந்தது கல்வி மிகுந்ததோர் இடமேயாம். ஆங்கே அவர் அருகர் நூல்களையெல்லாம் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்னும் பட்டம் பெற்றுத் தலைமை எய்தினார்.

திலகவதியாரோ திருவதிகைக்குச் சென்று, கெடிலக் கரையிலுள்ள வீரட்டானத்துக் கோயிலில் விடியுமுன் எழுந்து அலகிடுதலும், மெழுகுதலும், மலர் கொய்து தொடுத்தலுமாய் நாட்கழித்து வந்தார். தம்பியின்பொருட்டு உயிர்வைத்திருந்தவருக்குத் தம்பியும் இல்லாதாயிற்று. இவ்வரலாற்றில் எம் நெஞ்சைக் கவர்ந்தவர் யாரெனின், தம்பியாரினும் தமக்கையாரே என்று கூசாமற் கூறுவோம். அவர் இறைவனிடம் முறையிட்டதாகவும், சூலை நோய் தந்து உன் தம்பியை ஆட்கொள்வோம் என்று இறைவன் கனவில் உணர்த்தியதாகவும் புராணம் கூறும்.

அந்நோய் வந்தது. வயிற்றினுள்ளே தீயும் நஞ்சும் இடியும் ஒருங்கு புகுந்தாற்போற் குடரைப் பற்றிக்கொண்டு குடைந்தது. தருமசேனர் தாம் கற்ற மந்திரங்களால் அதனைத் தடுக்க முயன்றார். தடுக்குந்தோறும் அது மிகுந்தது, நினைவிழந்து வீழ்ந்தார். உடனிருந்த முனிவர்கள் கூடினர். இத்தகைய கொடிய நோயை யாங்கள் கண்டதில்லை என்று அவர்களும் கலங்கினர். குண்டிகை நீரை மந்திரித்துக் குடிப்பித்தனர். மயிற்பீலியால் உச்சிமுதல் உள்ளங்கால்வரை தடவினர். நோவு தணிந்திலது. இனிச் செய்வதொன்றில்லை என்று கைவிட்டகன்றனர்.

அந்நோய் யாதென்று இற்றை மருத்துவப் பெயரால் வழங்குதல் வீண் முயற்சி. சிறுநீரகக் கல்லென்பாரும் குடற்புண்ணென்பாரும் தத்தம் விருப்பப்படி கூறலாம். யாம் கருதுவது பிறிதொன்று. தடுக்குந்தோறும் நோவு மிகுந்தது என்று சேக்கிழார் கூறுவது வெறும் கவிக்கூற்றன்று. மருந்து ஒவ்வொன்றும் பொய்க்குந்தோறும் நோயாளியின் உள்ளம் இதற்கு முடிவில்லை என்னும் பாடத்தைக் கற்கின்றது. சூழ நிற்பார் முகத்தில் அச்சத்தைக் கண்டால் அப்பாடம் இருமடங்கு உறுதிப்படும்.

இக்காலத்து மருத்துவ நூலார் இதனை நன்கு ஆராய்ந்துளர். மூன்று திங்களுக்கு மேல் நீடிக்கும் நோவை நாட்பட்ட வலி என்று வகுத்து, அதனைப் புதிய காயத்தின் வலியினின்றும் வேறு பிரித்துக் காண்பர். வலியாராய்ச்சிக்குரிய அனைத்துலகச் சங்கத்தார் 1979இல் வலிக்கு இலக்கணம் வகுத்தபொழுதே, அஃது உடலுணர்ச்சியோடு உள்ள உணர்ச்சியும் கலந்ததென்று கூறினர். 2020இல் அதனைத் திருத்தியபொழுது, வலி என்பது இன்னதென்பதை ஒவ்வொருவரும் தத்தம் வாழ்க்கை அனுபவத்தாற் கற்றுக்கொள்கின்றனர் என்பதையும் சேர்த்துரைத்தனர். காயம் ஆறிய பின்னரும் நரம்புகள் விழித்த காவலாளர்போல் ஓயாமற் கூவுதல் கூடும். ஒருமுறை வலித்த அசைவு, வலித்த இடம், வலித்த வேளை ஆகியவை வலியோடு பிணைந்துவிடுகின்றன. பின்னர் அவற்றைக் காண்டலே போதும். உடல் முந்திக்கொண்டு இறுகும். இறுகிய உடல் மேலும் வலிக்கும். அஞ்சியவன் அசைதலை ஒழிப்பான். அசையாமையால் தசை தளரும். தளர்ச்சியால் வலி பெருகும். 2000ஆம் ஆண்டில் விளாயன், லிண்டன் என்னும் உளநூலார் இருவர் இச்சுழலைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதினர். இதனாலே நோயாளியின் வலி பொய் என்றாகாது. அச்சத்தால் வளர்ந்த வலியும் வலியே. முள் தைத்த வலியினும் அதிற் குறைவொன்றுமில்லை. நாட்பட்ட வலியெல்லாம் அச்சத்தாலேயே வந்ததென்று கூறுதலும் பிழை.

எம் பாட்டியார் பல ஆண்டுகளுக்குமுன் மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு கூடிவிட்டதென்று மருத்துவர் கூறிவிட்டனர். ஆயினும் இன்றும் அப்படியை அணுகும்போதே முழங்காலைப் பிடித்துக்கொள்கின்றார், கோயிற்படியில் அவ்வாறில்லை. சிறுவர்களாகிய யாம் அதனை நடிப்பென்று நகைத்ததுண்டு. அந்நகைப்பை இப்பொழுது நினைக்க வெட்கமாயிருக்கின்றது.

நிற்க. யாவரும் கைவிட்ட பின்னர்த் தருமசேனருக்குத் தமக்கையின் நினைவு வந்தது. சமையற்காரன் ஒருவனை அதிகைக்கு அனுப்பினார். நந்தவனத்தில் நின்ற திலகவதியாரைக் கண்டு அவன் செய்தி கூறினான். சமணர் உறையும் இடத்துக்குத் தாம் வருதற்கில்லை என்று அவர் மறுத்துவிட்டார். கேட்பார்க்கு இது கொடுமையாகத் தோன்றும். உயிர் போகும் தம்பியைக் காண ஒரு காவதம் நடக்கலாகாதோ என்று வகுப்பில் ஒரு மாணவர் வினவவும் செய்தார். ஆயின் பின் நிகழ்ந்ததை நோக்கின், அம்மறுப்பே மருந்தாயிற்று எனல் வேண்டும். அவர் வந்திருப்பின் நோயாளர் பாயிலேயே கிடந்திருப்பார். வாராமையால் அவர் எழவேண்டியதாயிற்று.

தமக்கையின் மறுமொழி கேட்டுச் சோர்ந்தவர், அவர் அடியைத் தாமே சென்று சேர்வதென்று துணிந்தார். எழுந்து செல்லும் முயற்சி தோன்றிய அளவிலே அவரை வாட்டிய அயர்வு சற்றே ஒதுங்கியதெனச் சேக்கிழார் ஒரு சொல்லாற் குறித்துச் செல்கின்றார். நோய் இன்னும் நீங்கவில்லை. திருநீறு இன்னும் இடப்படவில்லை. எழுந்தமையாலேயே அயர்வு ஒதுங்கியது! எண்ணூற்றாண்டுகளுக்கு முன்னர் எழுதிய ஒரு புலவர் இதனை எங்ஙனம் அறிந்தார் என்று வியந்தோம். அஞ்சிய அசைவைச் சிறிது சிறிதாகச் செய்வித்தே நாட்பட்ட வலியைத் தணிக்க முயலும் இந்நாளை மருத்துவர் இவ்வடியைக் காணின் மகிழ்வர்.

அவர் புறப்பட்ட வகையும் கருதத்தக்கது. உடுத்திருந்த பாயை விட்டார், உறியில் தொங்கிய குண்டிகையை விட்டார், மயிற்பீலியை விட்டார். வெள்ளிய ஆடை உடுத்து, உடன்வந்தார் தாங்க, இரவிலே ஒருவரும் அறியாமற் சென்றார். அப்பாயின்மீதுதான் புரண்டார், அக்குண்டிகை நீரைத்தான் குடித்தார், அப்பீலியின் தடவல்தான் தலைமுதல் அடிவரை பொய்த்தது. சமயச் சின்னங்களை நீத்தார் என்பது புராணத்தின் கருத்து, அஃது உண்மையே. நோவோடு பிணைந்துபோன பொருள்களை விட்டு நோவுக்கு முற்பட்ட நினைவுகள் உறையும் இடத்துக்குச் சென்றார் என்பதும் அதனோடு கூட உண்மையாகலாம்.

அதிகையில் தமக்கையின் அடியில் வீழ்ந்தார். சிறுவராய் ஒருநாள் வீழ்ந்து அவர் உயிரை வேண்டிய அதே அடி; இந்நாளிலே தம் உயிரை வேண்டி வீழ்ந்தார். திலகவதியார் ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். இருள் புலருமுன் அவர் அலகும் தோண்டியும் ஏந்திக் கோயிலுக்குச் செல்ல, தம்பியாரும் பின் சென்றார். வீரட்டானத்து இறைவன் முன்னே நின்று முதற் பதிகம் பாடினார். பாடி முடியச் சூலையும் முடிந்தது. நாவுக்கரசு என்னும் பெயரும் அன்றே எய்திற்று.

அப்பதிகத்தை எம் நண்பர்கள் பலர் மனப்பாடமாக அறிவர். வயிற்று வலியுடையார் அதனை ஓதுதல் சைவர் வழக்கம் என்பர். அதனை யாம் ஈண்டு எடுத்தோதப் போவதில்லை. அதன் பொருளில் ஒன்றை மட்டும் சுட்டுகின்றோம். பாடுவோர் அதில் இரண்டு குறைகளை முறையிடுகின்றார். இந்நோயைத் துரத்துகின்றிலீர் என்பது ஒன்று. அஞ்சாதே என்று ஒரு சொல்லும் சொல்லுகின்றிலீர் என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றல்ல என்பதை நோயில் உழன்றவரே அறிவர். நோயைத் துரத்துவது மருந்தின் வேலை; அஞ்சற்க என்று கூறுவது அருகில் நிற்பார் வேலை. பாடலிபுத்திரத்தில் முதலதனைச் செய்ய முயன்றோர் பலர்; இரண்டாவதனைச் செய்தவர் எவருமிலர், அவர்களே அஞ்சினார்களாதலின். நம் வேதத்திலும் தேவதூதர் தோன்றும் இடங்கள் பலவற்றில் முதற்கண் கூறுவது இவ்விரண்டாவது சொல்லையே என்பது வேதபாட வகுப்புக்குச் சென்றோர்க்கு நினைவிருக்கும்.

கிறிஸ்தவ மாணவன் ஒருவன் இதனை எழுதுங்கால் அப்போஸ்தலர் பவுலை நினையாதிருத்தல் இயலாது. அவரும் ஒரு நெறியினின்று மற்றொரு நெறிக்கு வந்தவர். அவரும் உடலில் முள்ளொன்று தைத்ததென எழுதியவர். அது நீங்க மும்முறை மன்றாடியவர். நாவரசருக்கு நோய் நீங்கிற்று. பவுலுக்கு முள் நீங்கிற்றில்லை. ஆயினும் இருவரிடத்தும் அதன்பின் அச்சத்தைக் காண்டலரிது. அதிகையில் நிகழ்ந்தது மனத்தின் விளையாட்டே என்று கூறி முடிக்க எமக்கு மனமில்லை. அவ்வாறு கூறின் நம் வேதத்திலுள்ளவற்றிற்கும் அதுவே விடையாகிவிடும். உளநூல் எவ்வளவு கூறுமோ அவ்வளவே அது கூறும்.

சமணத் தலைவர் சைவராயினமை அரசன் செவிக்கெட்டிற்று. அவன் பல்லவன்; கி.பி. 600 முதல் 630 வரை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனே அவன் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அழைக்க வந்த அமைச்சரிடம் நாவரசர் தாம் எவர்க்கும் அடிமையல்லேம் என்னும் கருத்தமைத்துப் பாடினார். பின்னர்த் தொடர்ந்த தண்டங்களை அனைவரும் அறிவர்: சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்தமை, பாற்சோற்றில் நஞ்சிட்டமை, கொலையானையை ஏவினமை, கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தமை. காளவாயிலிருந்து அவர் பாடியது என்று வழங்கும் பாடலில், வெம்மையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இசை, நிலவு, தென்றல், இளவேனில், பொய்கை எனக் குளிர்ந்தவற்றையே அடுக்கி, இறைவன் அடிநிழலுக்கு அவற்றை ஒப்பிடுகின்றார். யானை வருங்காற் பாடியதில், அஞ்சத்தக்கதும் இல்லை, இனி அஞ்ச வருவதும் இல்லை என்பது கருத்து. அதிகையிற் கேட்ட அஞ்சற்க என்னும் சொல்லைப் பெற்றுக்கொண்டார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

காளவாய்ச் செய்தியை எள்ளுவார்க்கு உருசியநாட்டுப் பாவ்லவின் ஆராய்ச்சி ஒன்றை நினைவூட்டுவோம். மணியோசை கேட்டு வாயூறிய நாயைப் பற்றி யாவரும் அறிவர். அவர் ஆய்வுகூடத்திலே வேறொன்றும் நிகழ்ந்தது. நாயின் தோலில் ஓரிடத்தில் நோவு தரும் மின்சாரத்தைச் செலுத்தி, உடனே உணவிட்டு வந்தனர். சிலகாலம் கழிந்தபின் அந்நாய் அம்மின்சாரத்துக்கு அலறவில்லை, துடிக்கவில்லை, உணவை எதிர்நோக்கி வாயூறி நின்றது. அதனையே வேறோர் இடத்திற் செலுத்தியதும் பழையபடி துடித்தது. தோலிற் பட்டது ஒன்றே. உள்ளத்தில் அதனோடு பிணைந்தது மாறவே நோவும் மாறிற்று. பெரியாரொருவர் வரலாற்றில் நாயைக் கொணர்தல் தகாதெனின், தம்மை நாயினும் கடையராகக் கூறிக்கொள்ளுதல் அடியார் வழக்கமேயன்றோ என்று விடையிறுத்து மேற்செல்வோம்.

ஈண்டு ஒன்று கூறாது விடுதல் முறையன்று. சமணர் கொடுமையெல்லாம் சைவர் எழுதியவற்றாலேயே நமக்குத் தெரிகின்றன. சமணர் தரப்பில் எழுதியது யாதும் நமக்குக் கிடைத்திலது. சிந்தாமணியும் நாலடியாரும் தந்தவர்களைத் தமிழ் மாணவர் ஒருதலையாகப் பழித்தல் நன்றன்று. அரசன் மனம் மாறிய பின்னர்ப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அக்கல்லைக் கொண்டு அதிகையிற் குணபரவீச்சரம் எடுப்பித்தான் என்று அதே புராணமே கூறுகின்றது. சர்வநந்தி இருந்து எழுதிய இடம் அவ்வாறு போயிற்று என்பது எமக்கு வருத்தமே.

அதன் பின்னர் நாவரசர் வாழ்க்கை ஊரூராகச் செல்லும் வாழ்க்கை. சிதம்பரம் தொழுதார், சீகாழியிற் சிறுவர் ஞானசம்பந்தரைக் கண்டார். அப்பிள்ளையார் அப்பரே என்றழைக்க, அதுவே அவர்க்குப் பெயராயிற்று. மகப்பெறாத அவரை ஒரு மகவு அப்பரென்றழைத்தது. திங்களூரிலே தம்மைக் காணாமலே தம் பெயரைத் தண்ணீர்ப் பந்தர்க்கெல்லாம் இட்டிருந்த அப்பூதியடிகள் இல்லத்திற் பாம்பு தீண்டிய பிள்ளையை எழுப்பினார். இருவரும் பல தலங்களைச் சேர்ந்து தொழுது திருமறைக்காட்டை அடைந்தனர். அடைத்துக் கிடந்த கதவு அப்பர் பாடத் திறந்தது. சம்பந்தர் பாட அடைத்தது.

அங்கேதான் எம்மைத் திடுக்கிடச் செய்த நிகழ்ச்சி நேர்ந்தது. பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் விடுத்த தூதர் வந்து, சம்பந்தரை மதுரைக்கு அழைத்தனர். மதுரையிற் சமணர் செல்வாக்கு மிகுதி. பிள்ளையார் எழுந்தார். அப்பர் தடுத்தார். அவர்கள் வஞ்சனைக்கு எல்லையில்லை, கோள்நிலையும் தீயதாயிருக்கின்றது, போதற்க என்றார். காளவாயினுள் ஏழு நாள் இருந்து நகைமுகத்தோடு வெளிவந்தவர், யானைக்கு அஞ்சாதவர், கூற்றுவனையே பொருட்படுத்தாதவர், அவர் அஞ்சினார். கோளும் நாளும் பார்த்தார்!

இதனைக் குறையென்று கூறுவாரும் உளர். சம்பந்தரை உயர்த்துவதற்காகப் புராணக்காரர் செய்த ஏற்பாடு என்பாரும் உளர். எமக்கோ அப்பர் வரலாறு முழுதிலும் இவ்விடமே அவரை மிக அணுக்கராகக் காட்டுகின்றது. தம் உடலைப் பற்றிய அச்சம் அதிகையிலேயே நீங்கிற்று. ஆனால் உடல் கற்ற பாடம் அடியோடு அழிவதில்லை. அது வேறிடத்தில், வேறொருவர்பொருட்டு, திரும்பி வருகின்றது. நீங்கிய அச்சமும் அழிந்துபோவதன்று, அதன்மேல் வேறொரு பாடம் படிந்து மூடியதே என்றும், மூடியது சிலவேளை விலகும் என்றும் இக்காலத்து உளநூலாரும் கூறுகின்றனர். தந்தையும் தாயும் மைத்துனராகவிருந்தவரும் போனதைக் கண்ட அச்சிறுவன், அறுபது பிராயம் கடந்த அம்முதியவருள்ளே இன்னும் இருந்தான் போலும். பிள்ளையார் கோள்கள் தீங்கு செய்யா என்னும் பதிகம் பாடி, அவரை நிற்கச் செய்து, தாமே சென்றார். முதியவர் சொல்ல வேண்டிய அஞ்சற்க என்னும் சொல்லை ஈண்டு ஒரு பாலர் சொல்லவேண்டியதாயிற்று.

பின்னர் அப்பர் வடக்கு நோக்கி வந்தார். அண்ணாமலையும் காஞ்சியும் கழுக்குன்றமும் வணங்கிக் கடற்கரை வழியே திருவான்மியூரையும் மயிலையையும் கடந்து ஒற்றியூர் சென்றதாகப் புராணம் கூறும். அடையாற்றுக்குத் தெற்கே, இந்நாளிற் கார்களும் பஸ்களும் ஓயாது இரையும் அச்சாலையோரத்துத் திருவான்மியூர்க் கோயிலுக்கு அப்பர் பாடிய பதிகம் ஐந்தாம் திருமுறையில் உளது. அங்குள்ள இறைவன் பெயர் மருந்தீசர். அகத்தியருக்கு மருந்துகளின் இயல்பை உணர்த்தினார் என்பது தலவரலாறு. நோய்த் தீர்வு வேண்டி அங்குச் செல்வோர் இன்றும் பலர். சூலையால் ஆட்கொள்ளப்பட்டவர் மருந்தீசர் முன்னே நின்றபொழுது என்ன நினைந்திருப்பார் என்று யாம் அங்குச் செல்லும்பொழுதெல்லாம் எண்ணுவதுண்டு. மயிலையில் அவர் தொழுத கோயில் இன்று நாம் காணும் கோயிலன்று; அது கடலோரத்திலிருந்து, போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்துபட்டதென்பர்.

காளத்தி தொழுதபின் கயிலை காணும் ஆசை மிகுந்தது. வடதிசையில் நெடுந்தூரம் நடந்து கால் தேய்ந்தது. கையாலூன்றித் தவழ்ந்து கை தேய்ந்தது. மார்பாலூர்ந்து மார்பும் சிதைந்தது. இறுதியிற் புரண்டு சென்றார். முனிவர் ஒருவர் வடிவில் இறைவன் தோன்றி, மானிடர்க்கு எட்டாத இடம், திரும்புக என்றான். கயிலை காணாமல் இவ்வுடலைக் கொண்டு மீளேன் என்றார். ஆங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். பாடலிபுத்திரத்தில் வயிற்று நோவுக்கு மயங்கி வீழ்ந்த அதே உடல்தான் இது.

திருப்பூந்துருத்தியில் மடம் அமைத்துத் தங்கியிருக்கையில், மதுரையில் வாகை சூடிய சம்பந்தர் முத்துச்சிவிகையில் மீண்டு வருவதைக் கேள்வியுற்றார். கூட்டத்தினுட் புகுந்து, ஒருவரும் அறியாமற் சிவிகையைத் தாமும் தோளில் தாங்கினார். அண்மையில் வந்ததும் பிள்ளையார், அப்பர் எங்குற்றார் என்று வினவினார். உம்மைத் தாங்கிவரும் பேறு பெற்று இங்குள்ளேன் என்று கீழிருந்து விடை வந்தது. பிள்ளையார் பதைத்திறங்கி வணங்கினர். இளமையில் அவர் அன்பு செய்தவருள் ஒருவரேனும் போர்மேற் சென்று மீண்டாரில்லை. இம்முறை மீண்டார், அதனைத் தம் தோளே உணரும்படி தாங்கினார்.

நான்கு, ஐந்து, ஆறாம் திருமுறைகளாக இன்று நமக்கெஞ்சியிருக்கும் அவர் பதிகங்கள் 312. இறுதி நாட்களைத் திருப்புகலூரிற் கழித்தார். கோயில் முற்றத்திற் புல் செதுக்குங்கால் உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் மின்னின. அவற்றையும் பருக்கைக் கல்லோடு ஒன்றாக வாரிக் குளத்தில் எறிந்தார். 81ஆம் பிராயத்திற் சித்திரைத் திங்கட் சதயத்தன்று அவ்வூரிலே இறைவனடி சேர்ந்தார் என்பது மரபு. அதிகையில் விடியுமுன் தமக்கையார் அலகெடுத்துச் செல்ல, பின்னே நடந்த அன்று தொடங்கிய அப்பணி அதுவரை ஒருநாளும் ஒழிந்ததில்லை.